கஸ்டம்ஸ் அண்ணாச்சியின் இரண்டு கப்பல்கள்

கல்யாணமாகி என் மனைவி தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய அன்று, அவளை வரவேற்பதற்கு முன்னால் அவளுடைய டிரங்குப் பெட்டியை வரவேற்றவர் எங்கள் மாடிவீட்டு அண்ணாச்சி. குதிரை வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியதும் குனிந்து வெளிப்பக்கத்தைச் சாண் போட்டு அளந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, சேலைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, உள்பக்கத்தையும் அளந்தார். இரண்டுக்கும் தகரத்தின் கனத்துக்கு மேல் வித்தியாசமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து, "வாம்மா, நல்லாருக்கணும்" என்றார். கள்ள அடித்தட்டு இல்லாத குடும்பத்தில் நான் பெண் எடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்படித்தான் உறுதியானது.

அவர் சுங்க இலாகாவில் கப்பல் சோதனைப் பிரிவில் இருந்தார். சுங்கம் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் கஸ்டம்ஸ் அண்ணாச்சி. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் வந்து இந்தக் கட்டுரையையும் தட்டிப் பார்ப்பார்.

அப்போது கொழும்பிலிருந்து பாய் விரித்து வரும் சரக்குத் தோணிகளில் கிராம்பு தலையணையாக மாறி வரும். கைக்கடிகாரம் ரொட்டிக்குள் உட்கார்ந்து வரும். நைலான் சேலை, தோணிச் சமையல்காரனின் இடுப்பில் வேட்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு வரும். அத்தனையையும் கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, உலகத்தில் எந்தப் பொருளும் அந்தப் பொருளாக மட்டும் இருப்பதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். வீட்டுக்கு வாங்கும் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள். இவர் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். மீன் கடையில் சீலா வாங்கினால் வயிற்றைக் கீறிக் காட்டச் சொல்லுவார். ஒரு நாள் மீன்காரி பொறுக்க முடியாமல், "வயித்துக்குள்ள குடலுதான் அண்ணாச்சி இருக்கு. அதுக்கும் டூட்டி கட்டணுமா?" என்று கேட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "குடலுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ" என்றார்.

அவர் எதையும் தனியாக வைத்து நம்பமாட்டார். பக்கத்தில் இன்னொன்றை வைத்து, இரண்டையும் நம்பமாட்டார். முடி வெட்ட இரண்டு கடை. மாறி மாறிப் போவார். இந்தக் கடைக்காரர் போன தடவை அந்தக் கடைக்காரர் செய்த குற்றங்களைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு டாக்டர். இருவரும் ஒரே மருந்தை எழுதினால் பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். வேறு வேறு மருந்தை எழுதினால் ஒருவர் பொய் சொல்கிறார். அது யார் என்று தீர்மானிப்பதற்குள் காய்ச்சல் தானாகவே போய்விடும். நல்ல தேகம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து இதற்கெல்லாம் சிரித்தால் அதுவும் விசாரணைக்கு வரும். "எதுக்குவே சிரிக்கீரு?" என்பார். சும்மா என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார். காரணம் ஏதாவது ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த மனிதரின் கை சுத்தம். அந்த உத்தியோகத்தில் இருந்த சிலருடைய வீட்டு வாசலைக் கடந்தாலே வெளிநாட்டுச் சோப்பு மணக்கும். அண்ணாச்சி வீட்டில் நாங்கள் தேய்த்துக்கொள்ளும் அதே சோப்புத்தான், அதுவும் கடைசிச் சில்லுவரை. "கப்பல்லேருந்து ஒரு தீக்குச்சி நம்ம கையோட கரைக்கு வரக்கூடாதுவே" என்பார். ஒரு தடவைகூட வந்ததில்லை. அதற்கு நானே சாட்சி. சாட்சியைத்தான் அவர் நம்பமாட்டார்.

அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு ஓடத்தில்கூடக் கால் வைத்ததில்லை. கப்பலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணாச்சி சொன்னதுதான். அண்ணாச்சி சொன்ன கப்பல் ஒரு தகரக் கொட்டகை. எண்ணெய் நாற்றம், உட்கார இடமில்லை, குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது.

"பாவம்ளா. ராத்திரி பூரா எஞ்சின் ரூம்ல நின்னுட்டுப் பட்டினியா வாராவ" என்று என் மனைவியிடம் சொல்லி மதினி வருத்தப்படுவார். கப்பல் டூட்டி உள்ள நாளில் அண்ணாச்சி எந்த நேரத்துக்குத் திரும்பினாலும் அதுவரை மதினி சாப்பிடமாட்டார். குழம்பை மறுபடி மறுபடி சுட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்ட பிறகு இவர் சாப்பிடுவார். நான் இதை ஒரு முன்மாதிரியாக என் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு முன்னால் அவள் சாப்பிட்டுவிட்டாள்.

இப்போது என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. கடலைப் பற்றி டைப் அடிப்பதில் ஊரில் என்னை விஞ்ச ஆளில்லை. பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில்தான் போக வேண்டும். ஒரே ஒரு தடவை காகிதங்களோடு என்னை அனுப்பினார்கள். கப்பலில் ஏறி, கேப்டனுக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வணக்கம் இல்லை. அதன் பிறகு ஆபீசில் என்னை மேசையோடு விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் மதினியின் ஆசை வந்து சேர்ந்தது. ஆத்தூரிலிருந்து அவருடைய தங்கை குடும்பத்தோடு அந்தமானுக்குக் கப்பலில் சுற்றுலா போய்விட்டு வந்து, பை நிறையச் சிப்பியும் வாய் நிறையப் பேச்சுமாக ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனாள். அவள் போன மறுநாள் மதினி அண்ணாச்சியிடம், நாமளும் ஒருக்கக் கப்பல்ல போவமே என்று கேட்டிருக்கிறார். அதுவரை எதையும் கேட்டுப் பழகாத மனுஷி. அண்ணாச்சிக்கும் சர்க்காரில் பயணச் சலுகை சும்மா கிடந்தது. வருஷக் கடைசிக்குள் போகாவிட்டால் கழிந்துவிடும். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஆகவே, "சென்னையிலேருந்து ரெண்டு கப்பல் போவுது. எது நல்லதுன்னு பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு மதினி சந்தோஷப்பட்டார். அவரைத் தெரிந்த எனக்குக் கவலை வந்தது. என் மனைவி வேறு, அவர்கள் போனால் நாமும் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அந்தக் கவலை தனி.

நான் ஆபீசிலிருந்து இரண்டு கப்பலுக்கும் விளம்பரத் தாள்களை வரவழைத்துக் கொடுத்தேன். ஒன்று வெள்ளைக் கப்பல், புதியது. இன்னொன்று கறுப்புக் கப்பல், வயதானது. மாடியில் பாயை விரித்து இரண்டையும் அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியோடு அண்ணாச்சி உட்கார்ந்தார்.

முதலில் அகப்பட்டது ஒரு பெண். இரண்டு தாளிலும் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே பெண், ஒரே சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒரே பொம்பள ரெண்டு கப்பல்லயும் நின்னு சிரிக்கா. அப்பம் ஒரு கப்பல்தான் இருக்கு" என்றார். ஒரே அச்சகமாக இருக்கும் என்றேன். அச்சகக்காரனுக்கு நான் ஏன் பரிந்து பேசுகிறேன் என்று கேட்டார்.

பிறகு அகலத்துக்கு வந்தார். கப்பலின் அகலத்தைப் போட்டிருந்தான். அறையின் அகலத்தையும் போட்டிருந்தான். அறைகளையும் நடைவழியையும் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. மீதி எங்கே போயிற்று? சுவராக இருக்கும் அண்ணாச்சி என்றேன். சுவருக்குள் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அவர் குறித்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார்.

வெள்ளைக் கப்பலின் மேல் அவருக்கு இருந்த புகார் அதன் சுத்தம். "இவ்வளவு சுத்தமா இருந்தாத் தொடச்சிருக்கான். எதைத் தொடச்சான்?" கறுப்புக் கப்பல் இத்தனை வருஷமாகப் பத்திரமாக ஓடுகிறதே என்றேன். "இத்தன வருசம் முங்கலைன்னா இனிமே முங்கத்தானவே செய்யும்?" என்றார். சென்னைக்கு என்னைக் கடிதம் போடச் சொன்னார். டாக்டர் உண்டா, படகுகள் எத்தனை, குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் உடனே வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறான் என்றால் கப்பலில் ஏற ஆளில்லை என்று அர்த்தமாம்.

மதினி இத்தனைக்கும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அண்ணாச்சி பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கறுப்புக் கப்பலின் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்தது சாப்பாட்டுக் கூடத்தின் படம். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், மெத்தை வைத்த நாற்காலிகள், மேலே மின்விசிறி.

"இது கரையில உள்ளதா தம்பி, கப்பலுக்குள்ளயா?" என்று கேட்டார்.

கப்பலுக்குள்தான் என்றேன்.

"சரக்குக் கப்பல்ல இது இருக்காது, என்ன?"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகாத வாய் எனக்கு. சரக்குக் கப்பலிலும் சின்னதாக ஒன்று கட்டாயம் இருக்கும், அதிகாரிகள் சாப்பிட வேண்டாமா மதினி என்று விளக்கினேன். அண்ணாச்சி தாளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, படத்தில் எதை வேண்டுமானாலும் போடுவான் என்று சொல்லி மடித்து வைத்தார். மதினி எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து, கப்பலில் போக வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டு, கப்பலை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

நாட்கள் போயின. வருஷக் கடைசி நெருங்கியது. அண்ணாச்சி ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரோடு பழகினால் அது ஒட்டிக்கொள்ளும். ஒருவேளை கடல் என்றால் பயமோ என்று நினைத்தேன். கொந்தளிப்பில் கயிற்று ஏணி பிடித்துக் கப்பலேறும் மனுஷனுக்கு என்ன பயம்? பயப்படுகிறவன் எப்படி இருப்பான் என்பது கண்ணாடி பார்க்கிற எனக்குத் தெரியாதா? என் மனைவி இன்னும் துணிச்சலாக யோசித்தாள். "அந்தமான்ல ஒரு குடும்பம் இருக்கும். இல்லாட்டா இப்படி இழுப்பாவளா?" என்றாள். சீ, அப்படிச் சொல்லாதே என்று அவளைக் கண்டித்துவிட்டு, மறுநாளிலிருந்து அவருக்கு வரும் தபால் உறைகளில் முத்திரை எந்த ஊர் என்று நான் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் ஆத்தூர்.

அப்போதுதான் கறுப்புக் கப்பல் எங்கள் ஊருக்கே வந்தது. கொச்சியில் மராமத்து முடிந்து திரும்பும் வழியில், அந்தமானுக்கு உப்பு ஏற்றிக்கொண்டு போக வந்தது. புதுத் துறைமுகம் திறந்த புதிது. கப்பல் கரையோடு அணைந்து நிற்கும், லாஞ்ச் வேண்டாம். ஏஜென்ட் எங்கள் ஆபீஸ். பாஸ் வாங்குவது என் வேலை. ஒரே கல்லில் எல்லாருடைய சந்தேகமும் தீரும் என்று மாடிப்படியில் ஓடினேன்.

அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்றார். பாஸைக் காட்டினேன். உப்பு ஏற்றும்போது கண்ணில் தூசி விழும் என்றார். உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னார். கடைசியில், "மேல் தட்டை மட்டும் பாத்துட்டு இறங்கிருவோம்" என்ற நிபந்தனையோடு வந்தார். மதினி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார். ஏதோ பெண் பார்க்கப் போகிற வீட்டு ஆள் மாதிரி, முகம் மட்டும் இறுக்கமாக இருந்தது.

ஏணிப்படியில் அண்ணாச்சி முதலில் ஏறினார். மேலே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஸ்டூவர்ட் ஒருவர் நின்றார். கப்பலில் சாப்பாட்டுப் பொறுப்பு அவருக்கு. எங்கள் பக்கத்துக் கடலோர ஊரான ஆலந்தலைக்காரர். இவரைப் பார்த்ததும் அவருக்கு உறவினரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. முன்பு தூத்துக்குடிக்கு அடிக்கடி வரும் ஒரு சரக்குக் கப்பலில் இருந்தாராம். இப்போது இதற்கு மாற்றிவிட்டார்களாம். பின்னால் ஏறிவரும் எங்களை அவர் கவனிக்கவில்லை. கஸ்டம்ஸ் அதிகாரி கப்பலில் கால் வைத்தால் ஸ்டூவர்ட் முதலில் செய்யும் காரியம் எதுவோ அதைச் செய்தார். உள்ளே திரும்பி, மேசை போடச் சொன்னார்.

அது கப்பல்களில் வழக்கம். சோதனை பிற்பாடு, சாப்பாடு முதலில். எனக்கு ஆபீஸ் மூலம் அரைகுறையாகத் தெரியும். மதினிக்குத்தான் தெரியாது.

நாங்கள் கூடத்துக்குள் போவதற்குள் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. மீன் கட்லெட், கோழி வறுவல், வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி, டின் பால் ஊற்றிய தேநீர் எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. அரைவேக்காட்டு முட்டை தனியாக வந்தது.

"ஐயாவுக்கு முட்டையில மிளகு தூக்கலா இருக்கணும். மறந்திருவனா?" என்று சொல்லி, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் மதினியைப் பார்த்தார். வீட்டு அம்மா என்று தெரிந்ததும், அவருக்கும் ஏதாவது சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"பழைய கப்பல்ல ஐயா ராத்திரி வந்தாவன்னா நம்ம கையாலதாம்மா சாப்பாடு. ரெண்டாந் தடவ சோறு வாங்காம எந்திரிச்சதே இல்ல. ஒரு நாளும் எங்க கப்பல்லேருந்து பட்டினியா இறங்குனது கிடையாது."

அண்ணாச்சி சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். அதில் தட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. யாரையும் பார்க்காமல் இருக்க அவருக்கு ஒரு இடம் தேவைப்பட்டது.

மதினி அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு கட்லெட்டை எடுத்து நிதானமாகத் தின்றார். "நல்லாருக்கு. தினமும் இதுதானா?" என்று கேட்டார்.

"மாத்தி மாத்திச் செய்வோம்மா" என்றார் ஸ்டூவர்ட், பெருமையாக.

மதினி இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். கோழி சாப்பிட்டார். மிளகு தூக்கலான முட்டையையும் சாப்பிட்டார். அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, தைரியம் வரவில்லை. கப்பல் அசையாமல் கரையோடு கட்டியிருந்தும் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு மாடியில் ஒரு சத்தமும் இல்லை. சண்டைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நானும் என் மனைவியும் ஏமாந்தோம். மதினி வழக்கம்போலச் சமைத்தார், பரிமாறினார், துணி காயப்போட்டார். டூட்டி நாளிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாற்றமில்லாமை அண்ணாச்சியைத் தின்றது. கொஞ்ச நாளில் கன்னம் வற்றிப்போய், என் ஆபீசுக்கே தேடி வந்தார். ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதிலேயே விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"ஒண்ணும் கேக்க மாட்டேங்காவே" என்றார்.

நான் காகிதங்களை நகர்த்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"மொத தடவ கப்பலுக்குப் போயிட்டு வாரேன். வகையாச் சாப்பிட்டாச்சு. வந்து பாத்தா, தட்டைக் கழுவி வச்சுட்டுச் சாப்பிடாம உக்காந்திருக்கா, புதுசா வந்த புள்ள. சாப்பிட்டேன்னு சொல்ல வாய் வரல. மறுபடி உக்காந்து தின்னேன். அடுத்த தடவ சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த தடவையும் உக்காந்திருந்தா."

"அப்போ இத்தனை வருஷமும் ரெண்டு தடவையா அண்ணாச்சி?"

அவர் குனிந்து தம்முடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஆதாரம் அங்கே இருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். கேட்டால்தானே சொல்ல முடியும் என்றார். கேட்காமல் சொன்னால் வேறு எதையோ மறைக்கத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைக்கமாட்டாளா என்றும் கேட்டார். அவர் உலகத்தில் அப்படித்தான் நினைப்பார்கள்.

பேச்சை மாற்றுவதற்காக, வருஷம் முடிகிறதே, டிக்கெட் எந்தக் கப்பலில் போட என்று கேட்டேன். பூதக்கண்ணாடி இல்லை, யோசனை இல்லை, சாண் போட்டுப் பார்க்கவில்லை.

"என்னைத் தெரிஞ்ச ஆளு இல்லாத கப்பல்ல போடும்" என்றார்.

வெள்ளைக் கப்பலில் போட்டேன். இரண்டு கப்பல்களைப் பற்றிய அத்தனை மாத ஆராய்ச்சியும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

சென்னையில் ஏறினோம். அண்ணாச்சி ஒரு புது மனிதராக இருந்தார். ஆயுசு முழுவதும் நின்ற கப்பல்களில் ஏறியவர், ஓடும் கப்பலில் அன்றுதான் முதல் தடவை நின்றார். இது இன்னது, அது இன்னது என்று மதினிக்குக் கைகாட்டி விளக்கிக்கொண்டே வந்தார். மதினியும் உம் கொட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே அறைக்குப் போனார்.

மதினி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நின்றார். கட்டடங்கள் தேய்ந்து ஒரு கோடாகிவிட்டன. எனக்கு வயிறு எழும்பத் தொடங்கியிருந்தது. நீங்களும் கீழே போகவில்லையா மதினி என்று கேட்டேன்.

"கரை மறையட்டும் தம்பி" என்றார்.

நான் எங்கள் அறைக்குப் போய், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். அடுத்த அறை அவர்களுடையது. நடுவில் ஒரு பலகைதான். போர்ட்பிளேர் போய்ச் சேர மூன்று நாளாகும், வழியில் இறங்க இடம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நாற்காலி ஒன்று இழுபட்டது.

"எந்திரிச்சு உக்காருங்க" என்று மதினியின் குரல் கேட்டது. கோபமே இல்லை. சாவகாசமாக இருந்தது.

"மொதக் கப்பல்லேருந்து சொல்லுங்க."